ஏமாற்றத்துக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கே: 'டிஸப்பாயின்டட்', 'டிஸ்இல்யூஷன்ட்' இரண்டுக்கும் ஏமாற்றம் என்றே பொருள் சொல்கிறார்கள். ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதலாமா?

கூடாது. எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் முதல் சொல். நம்பியதே பொய் என்று தெரியவந்தால் இரண்டாவது. நேர்முகத் தேர்வில் தேறாதவர் டிஸப்பாயின்டட். அடுத்த அழைப்பு வந்தால் சட்டையைத் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நேர்மையான நிறுவனம் என்று நம்பி வேலைக்குச் சேர்ந்து, அங்கே இரட்டைக் கணக்கு எழுதுவதைக் கண்ணால் பார்த்தவர் டிஸ்இல்யூஷன்ட். சம்பளத்தை உயர்த்தினாலும் அவருடைய பழைய நம்பிக்கை திரும்பாது. சொல்லுக்குள்ளேயே 'இல்யூஷன்' இருக்கிறது. கலைவதற்கு முதலில் ஒரு மாயை வேண்டும். மழையால் ஆட்டம் ரத்தானதற்கு இதை எழுதாதீர்கள். மழையைப் பற்றி யாருக்கு என்ன மாயை?

கே: 'டிஸப்பாயின்ட்' என்பதில் 'அப்பாயின்ட்' ஒளிந்திருக்கிறதே, தற்செயலா?

இல்லை. பழைய பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, பதவியிலிருந்து நீக்குவதுதான் அதன் பொருள். மன வருத்தமெல்லாம் பிறகு ஏறிக்கொண்டது.

கே: இவற்றுக்குப் பின்னால் 'வித்' போடுவதா, 'இன்' போடுவதா?

தேர்வு முடிவு, சேவை, செய்தி போன்றவற்றுக்கு 'டிஸப்பாயின்டட் வித்' பொருந்தும். 'பை', 'அட்' என்றும் எழுதலாம். 'இன்' பெரும்பாலும் ஆளைக் குறித்து வரும், அதில் சூடும் அதிகம். 'ஐ ஆம் டிஸப்பாயின்டட் இன் யூ' என்று மேலாளர் எழுதினால், அவர் குறை சொல்வது உங்கள் அறிக்கையை அல்ல, உங்களை. அலுவலகக் கடிதத்தில் இதை எழுதும்முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். டிஸ்இல்யூஷன்டுக்கு 'வித்' போதும். 'டிஸப்பாயின்டட் டு ஹியர்' என்று எழுதலாம். 'டிஸ்இல்யூஷன்ட் டு ஹியர்' என்று யாரும் எழுதுவதில்லை.

கே: தேர்வில் தோற்ற வருத்தத்தில் நண்பருக்கு 'ஐ ஆம் டிஸப்பாயின்டிங்' என்று எழுதினேன். ஏன் சிரித்தார்?

'என்னை நம்பினால் ஏமாற்றம்தான்' என்று நீங்களே சான்றிதழ் கொடுத்துவிட்டீர்கள். முடிவு டிஸப்பாயின்டிங், நீங்கள் டிஸப்பாயின்டட்.

கே: 'ஃபிரஸ்ட்ரேட்டட்' என்பதும் இதே குடும்பமா?

தூரத்துச் சொந்தம். முயற்சி நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும் எரிச்சல் அது. விண்ணப்பத்தை மூன்றாம் முறையும் இணையதளம் ஏற்க மறுத்தால் ஃபிரஸ்ட்ரேட்டட். விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, இடம் கிடைக்காமல் போனால் டிஸப்பாயின்டட்.