தட்டைப் பார்த்தாலே தொண்டை அடைக்கிறது

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஸ்டல் வாசம். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் பி.ஜே. மருத்துவக் கல்லூரி ஹாஸ்டல் மெஸ் மேல் விழுந்த படங்களைப் பார்த்ததிலிருந்து எங்கள் மெஸ்ஸில் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. மேஜையில் சாப்பாட்டுத் தட்டுகள் அப்படியே கிடந்த படம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. வாசல் பக்கமாக உட்கார்ந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறேன். "உனக்கு யாருடி அங்க சொந்தம்?" என்று ரூம்மேட் கேட்கிறாள். போன வருடம் வயநாட்டு நிலச்சரிவில் ஊரே மண்ணுக்குள் போனபோது செய்தி பார்த்துவிட்டு நன்றாகத் தூங்கியவள் நான். அப்படியானால் இந்த அழுகை போலியா? இன்னொன்று. அப்பா அரசு பஸ் டிரைவர். விசாரணை அறிக்கை வந்த நாளிலிருந்து போனில் எங்களுக்குள் ஒரே சண்டை. "பைலட்தான் சுவிட்சை அணைத்திருக்கிறார்" என்பேன். "எது நடந்தாலும் ஓட்டினவன் தலையில கட்டுறதே உங்களுக்கெல்லாம் வேலை" என்று கத்துவார். பேசாமல் செய்தி பார்ப்பதையே விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: அன்பு மகளுக்கு,

ரூம்மேட்டின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். சொந்தம் இருக்கத்தான் செய்கிறது. மதியம் 1.38-க்குக் கிளம்பிய விமானம், அரை நிமிடத்தில், மருத்துவ மாணவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கட்டடத்தின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் இருந்த 19 பேரும் போய்விட்டார்கள். தரையில் இறந்தவர்களில் உன் வயதுப் பிள்ளைகள் உண்டு. நீ புரட்டுகிற அதே பாடப் புத்தகங்களைப் புரட்டியவர்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் நீயும் கிளாஸ் முடிந்து தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பாய். தொண்டை அடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வயநாட்டுச் செய்தி ஏன் இப்படி உலுக்கவில்லை என்பதற்கும் காரணம் இதுதான். செய்தியை யாருமே பொதுவான ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லை, அவரவர் இடத்திலிருந்துதான் பார்க்கிறோம். வால்பாறையில் எஸ்டேட் லயத்தில் வளர்ந்த பெண் யாராவது உன் கல்லூரியில் இருந்தால் கேட்டுப் பார். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போன பிறகு, தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டாலே அந்த வீடுகளில் யாராவது எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். அதே வீட்டுக்காரர்கள் அகமதாபாத் செய்தியை "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பியிருக்கலாம். அவர்கள் இரக்கம் இல்லாதவர்களா என்ன? நீயும் இல்லை. எந்தச் செய்திக்கு எவ்வளவு அழுதோம் என்று கணக்கெழுதி நமக்கு நாமே மார்க் போட ஆரம்பித்தால் யாரும் பாஸாக மாட்டோம். (எந்தச் சாவை எத்தனை நாள் காட்டுவது என்பதில் சேனல்களுக்கும் ஓரவஞ்சனை உண்டு. அதை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.)

வயநாட்டை விட்டுவிட்டோமே என்று உறுத்தினால், இப்போதும் படிக்கலாம். முதல் நாள் டி.வி.யில் வந்ததைத் தேடிப் போகாதே, அப்புறம் நடந்ததைப் படி. அடையாளம் தெரியாத உடல்களையும் உடல் பாகங்களையும் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். 2019 ஆகஸ்டில் தானே நிலச்சரிவில் சிக்கிய ஊர் அது. பல குழிகளின் தலைமாட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். சாலியாற்றில் அடித்துக்கொண்டு போய் நிலம்பூர்ப் பக்கம் கரை ஒதுங்கியவர்கள் பலர். உறவினர்கள் கொடுத்த ரத்தத்தோடு டி.என்.ஏ. பொருந்தப் பொருந்தத்தான் எந்த எண் யாருடையது என்று தெரிய வந்தது. அகமதாபாத்திலும் பெரும்பாலான உடல்களை வீட்டாரிடம் ஒப்படைக்க டி.என்.ஏ. சோதனைதான் கைகொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு "இது உங்கள் ஆள்தான்" என்று உறுதியாகச் சொல்வதற்குள் எத்தனை பேர் உழைக்க வேண்டியிருக்கிறது பார். உன் துறைக்காரர்கள் செய்த வேலை அது. கேமரா அந்தப் பக்கம் அதிகம் போகாது.

சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம், எனக்குக் கவலை அதில்தான். எத்தனை தடவை அந்த வீடியோவைப் பார்த்தாய் என்று நீ எழுதவில்லை. நிறையவே பார்த்திருப்பாய் என்று நினைக்கிறேன். 2013-இல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஓர் ஆய்வு செய்தார்கள். அடுத்து வந்த வாரத்தில் தினமும் 6 மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன உளைச்சல் இருந்தது தெரிந்தது. அங்கே நின்றவர்கள் அதை ஒரு முறை பார்த்தார்கள். இவர்களுக்கு அது வீட்டு சோபாவில் நூறு முறை வெடித்தது. உன் போனிலும் அதுதான் நடக்கிறது. வீடியோ தானாக ஓடுவதை செட்டிங்ஸில் நிறுத்து. அந்தத் தட்டுப் படம் கேலரியில் இருந்தால் அழித்துவிடு, அதை வைத்துக்கொண்டு நீ யாருக்கும் அஞ்சலி செலுத்தப்போவதில்லை.

மெஸ்ஸில் வாசல் பக்கம் உட்காருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடு. கூட்டம் குறைந்த பிறகு போ, பேசிக்கொண்டே சாப்பிட ஒரு ஆளைக் கூட்டிக்கொள். அந்த ரூம்மேட்டையே கூப்பிடு, கேள்வி கேட்டவளுக்கு வேலை கொடுத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று. நிகழ்ச்சி நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாப்பாடு குறைந்திருக்கிறது. தூக்கமும் கெட்டிருந்தால், மெஸ் பக்கம் போகவே கால் வராமல் போனால், உன் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கும், போய்விடு. தெரிந்த சீனியர் பார்த்துவிடுவாரோ என்று தயக்கமாக இருந்தால் 14416-க்கு போன் செய். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

செய்தியை அடியோடு விட வேண்டாம். நாளைக்கு நோயாளி உன் எதிரில் உட்கார்ந்து ஊரில் நடந்ததைச் சொல்லும்போது திருதிருவென்று விழிக்கக் கூடாது. காலையில் பேப்பரில் ஒரு தடவை பார், அது போதும். அவசரமாக வருகிற செய்தியில் பாதி ஊகம். நாலு நாள் ஆறப் போட்டால் ஊகம் தானாக உதிர்ந்துவிடும்.

இப்போது அப்பாவோடு நடக்கிற சண்டை. அறிக்கையை நீயே படித்தாயா, அல்லது யாராவது அதைப் பற்றிப் பேசிய வீடியோவைப் பார்த்தாயா? ஜூலை 12 அன்று வந்த அந்த முதற்கட்ட அறிக்கை வெறும் 15 பக்கம். விமானம் மேலே கிளம்பிய சில விநாடிகளில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் 'கட் ஆஃப்' நிலைக்கு, அதாவது எரிபொருளை நிறுத்தும் நிலைக்குப் போயின. ஏன் அணைத்தாய் என்று ஒரு பைலட் கேட்கிறார், நான் அணைக்கவில்லை என்கிறார் மற்றவர். சுமார் பத்து விநாடியில் சுவிட்சுகள் பழைய நிலைக்கே வருகின்றன, ஆனால் நேரம் கடந்துவிட்டது. கேட்டது யார், மறுத்தது யார் என்று அறிக்கை சொல்லவில்லை. சுவிட்ச் எப்படி நகர்ந்தது என்றும் சொல்லவில்லை. ஆக, "பைலட்தான் அணைத்தார்" என்பது நீயாகச் சேர்த்துக்கொண்டது. இப்படி ஒரு முதற்கட்ட அறிக்கையை 30 நாளில் கொடுக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. விசாரணை செய்வதே அடுத்த விபத்தைத் தடுக்கத்தான், பழி சுமத்த அல்ல என்றும் அதே விதி சொல்கிறது.

அதனால் இந்த விஷயத்தில் நான் முக்கால்வாசி உன் அப்பா பக்கம். கால்வாசி ஏன் இல்லையென்றால், ஓட்டினவர் மேல் தப்பே இருக்க முடியாது என்று அவரும் முன்கூட்டியே தீர்ப்பு எழுதுகிறார். ஆனால் அவர் எங்கிருந்து பேசுகிறார் என்று யோசித்தாயா? ரோட்டில் பஸ் எதில் மோதினாலும் கூட்டம் முதலில் திறப்பது டிரைவர் பக்கக் கதவைத்தான். பிரேக் பிடித்ததா, டயர் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதையெல்லாம் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பதற்குள் ஊர் தன் முடிவைச் சொல்லியிருக்கும். அந்தப் பயம் அவருக்கு ஒவ்வொரு டியூட்டியிலும் உண்டு. நீ மெஸ்ஸிலிருந்து பார்க்கிறாய், அவர் ஸ்டீயரிங் பிடித்தபடி பார்க்கிறார்.

நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவருக்குத் தெரியுமா? உன் கடிதத்தைப் பார்த்தால் தெரியாது போலிருக்கிறது. அடுத்த தடவை போன் வந்ததும் முதலில் அதைச் சொல்லு. அவருக்கு அதற்கு மேல் போயிங்கும் வேண்டாம், ஏர் இந்தியாவும் வேண்டாம். அப்புறம் பேச்சு விமானத்துக்குத் திரும்பினால், விபத்தான பஸ்ஸை டெப்போவில் என்னென்ன கழற்றிப் பார்ப்பார்கள் என்று அவரையே கேள். அரை மணி நேரம் பேசுவார்.