இலை உதிர்ந்த ஆர்க்கிட் தண்டை வெட்டலாமா?

கேள்வி: மொட்டைமாடியில் வளர்க்கும் டெண்ட்ரோபியம் ஆர்க்கிட்டில் பழைய தண்டுகளின் இலைகள் கொட்டிவிட்டன. ஒன்றை நறுக்கிப் பார்த்தேன், கற்றாழை போலக் கொழகொழவென்று இருந்தது. மற்றவற்றையும் வெட்டிவிடலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம். மரத்தில் தொற்றி வளரும் இனம் இது. மழையில்லாத மாதங்களைத் தண்டில் சேர்த்ததை வைத்தே கடக்கிறது. அந்தக் கொழகொழப்பு, நீரைப் பிடித்து வைக்கும் பாலிசாக்கரைடு என்னும் கூட்டுச் சர்க்கரை.

அது உருவாகும் விதம் சீன மருந்துச் செடியான டெண்ட்ரோபியம் அஃபிசினாலேயில் நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. இலையில் உருவாகும் சுக்ரோஸ் தண்டுக்கு வந்து உடைகிறது. அதிலிருந்து கிடைக்கும் ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட், மேனோஸ்-6-பாஸ்பேட்டாகவும் பிறகு மேனோஸ்-1-பாஸ்பேட்டாகவும் மாறி, சங்கிலியில் கோக்கத் தயாரான ஜிடிபி-மேனோஸ் ஆகிறது. செல்லின் கோல்கி உறுப்பில் உள்ள சிஎஸ்எல்ஏ நொதிகள் மேனோஸ், குளுக்கோஸ் என்னும் சர்க்கரைகளை நீண்ட சங்கிலியாகக் கோக்கின்றன. இதுதான் குளுக்கோமேனன். சங்கிலியில் ஆங்காங்கே அசிட்டைல் தொகுதிகள் ஒட்டியிருப்பதால் நீரில் நன்றாகக் கரைகிறது.

புதுக் குருத்தும் பூவும் வரும்போது பழைய தண்டின் இருப்பு செலவாகிறது. அதனால் அது சுருங்குவது இயல்பு. புதுத் தண்டும் சுருங்கினால்தான் கவலைப்பட வேண்டும்: வேர் அழுகியிருக்கும், அல்லது உப்பு ஏறியிருக்கும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் வேர்நுனியைக் கருக்கிவிடும், மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றுங்கள். மண் கூடவே கூடாது, கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் போதும். மேலே 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். காய்ந்த வேர் வெள்ளையாகவும் நனைந்தது பச்சையாகவும் தெரியும், வெள்ளையானதும் ஊற்றுங்கள். முழுக்கப் பழுப்பாகிச் சக்கையான தண்டை மட்டும், தீயில் காட்டிய கத்தியால் வெட்டலாம்.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக அஃபிசினாலே தண்டுப்பொடியில் பாலிசாக்கரைடு அளக்கிறேன். ஃபீனால்-கந்தக அமில முறையில் அளவு மிக அதிகமாக வருகிறதே?
– மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: எத்தனாலால் சிறு சர்க்கரைகளைப் பிரித்து நீக்கும் படிநிலையை விட்டிருப்பீர்கள். ஃபீனால் முறை எல்லாச் சர்க்கரைக்கும் நிறம் காட்டும், தண்டிலுள்ள சுக்ரோஸும் குளுக்கோஸும் கணக்கில் சேர்ந்துவிடும். 0.3 கிராம் பொடியை 200 மில்லி நீரில் 2 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவைத்து), ஆறியதும் 250 மில்லியாக்கி வடிகட்டுங்கள். அதில் 2 மில்லியுடன் 10 மில்லி நீரற்ற எத்தனால் சேர்த்து 1 மணி நேரம் குளிரில் வையுங்கள். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்ததை 80 சதவீத எத்தனாலால் இருமுறை கழுவி, வெந்நீரில் கரைத்து 25 மில்லியாக்குங்கள். இதில் 1 மில்லிக்கு 5 சதவீத ஃபீனால் 1 மில்லி, கந்தக அமிலம் 5 மில்லி. கொதிநீரில் 20 நிமிடம் வைத்து, ஐஸில் குளிர்வித்து 488 நானோமீட்டரில் அளக்க வேண்டும். அமிலம் சேர்க்கும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

சீன மருந்துத் தர நூல் (ஃபார்மகோபியா) கேட்பது, உலர்ந்த தண்டில் குறைந்தது 25 சதவீதப் பாலிசாக்கரைடு, 13 முதல் 38 சதவீதம் வரை மேனோஸ். பாலிசாக்கரைடு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டார்ச் கலந்த பொடியும் ஃபீனாலில் தேறிவிடும், மேனோஸ் அளவுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். தண்டு நவம்பர் முதல் மார்ச் வரை அறுத்ததா என்றும் விசாரியுங்கள். பூ வந்த பிறகு இருப்பு குறையும்.

கேள்வி: நர்சரி ஆர்க்கிட் தண்டில் கஷாயம் போடலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: கூடாது. அவை பூவுக்காக உருவாக்கிய கலப்பினங்கள், மருந்துச் செடி அல்ல. பூச்சிமருந்தும் பூஞ்சாணக்கொல்லியும் அடித்தே வளர்க்கிறார்கள்.