திரும்பும்போது நின்றுபோகும் படகு

கேள்வி: ஞாயிறுதோறும் கிளப் போட்டியில் கரையில் நின்று ரேடியோவால் இயக்கும் ஒரு மீட்டர் பாய்மரப் படகு ஓட்டுகிறேன். காற்றை எதிர்த்துத் திரும்பும்போது நடுவிலேயே நின்றுவிடுகிறது. புதுப் பாய் வாங்கலாமா?
– வாசகி, பிடோக், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா, காசு மிச்சம். ஐஓஎம் (இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்) எனும் உங்கள் வகைப் படகு 1 மீட்டர் நீளம், குறைந்தது 4 கிலோ எடை. படகைத் தள்ள மோட்டார் இல்லாததால், வேகம் போனால் சுக்கானும் வேலை செய்யாது. ஏப்ரல், மே மாதங்களில் நம்மூர்க் காற்று பெரும்பாலும் மந்தம். அப்போது பாயை இறுக்கிக் கட்டியிருந்தால் படகு மூச்சடைத்துப் போகும். ஒரு விரலளவு தளர்த்துங்கள். நான் முன்பாயில் ஒரு கம்பளி நூல் ஒட்டியிருக்கிறேன். அது பின்னோக்கி நேராகப் பறந்தால் சரி, துடித்தால் திசை தவறு. வேகம் எடுத்த பிறகே சுக்கானை மெல்லத் திருப்புங்கள். ஒரேயடியாக ஒடித்தால் அது பிரேக்தான்.

அப்புறம், போட்டிப் பாதையைக் குறிக்கும் மிதவையைப் படகு தொட்டுவிட்டால் யாரும் பார்க்காவிட்டாலும் படகை இருந்த இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றவிடுங்கள், விதி அதுதான். இடி கேட்டால் கரையை விட்டு உடனே விலகுங்கள். போட்டி அடுத்த வாரமும் இருக்கும்.