ஒரே வீடு, இரண்டு பிள்ளைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தடுமாறும் மனநலச் சிக்கல்) இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா, ‘நான் வளர்த்த லட்சணம்’ என்று புலம்புகிறார். அப்பா முன்கோபக்காரர், எங்களை அடித்திருக்கிறார். ஆனால் அதே வீட்டில்தான் நானும் வளர்ந்தேன், எனக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் சின்ன வயது அனுபவம்தான் காரணமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அதுவும் ஒரு காரணம், சிறியதும் அல்ல. ஆனால் அதுமட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

பார்டர்லைன் உள்ளவர்களைக் கேட்டால் அடி, புறக்கணிப்பு, பாலியல் கொடுமை என்று ஏதாவது ஒன்றைப் பெரும்பாலானோர் சொல்கிறார்கள். உடனே வளர்ப்பின்மேல் பழி விழுகிறது. மறுமுனையிலிருந்து பாருங்கள். 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான பிள்ளைகளுக்கு இளம் வயதில் ஆளுமைக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் அப்படி வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கோளாறு வருவதில்லை. நீங்களே சாட்சி.

இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரையுடையது என்கின்றன. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் 1993-ல் பிறவி, வளர்ப்பு இரண்டையும் சேர்த்து விளக்கினார். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே உணர்ச்சி சட்டென்று பொங்கும், அடங்க நேரமாகும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் ‘இதுக்குப் போய் அழுவாங்களா?’ என்றே திரும்பத் திரும்பச் சொன்னால், தான் உணர்வது சரிதானா என்ற சந்தேகம் அதற்கே வந்துவிடும். அதே சொல்லை இன்னொரு பிள்ளை உதறிவிட்டு விளையாடப் போய்விடும். தவிர, ஒரே வீடு என்கிறோமே தவிர, பிள்ளைகளுக்கு அது ஒரே வீடாக இருப்பதில்லை. அப்பாவின் கோபம் உச்சத்தில் இருந்தபோது உங்களுக்கு என்ன வயது, தம்பிக்கு என்ன வயது?

எல்லாக் கோளாறுக்கும் அடிதான் வேர் என்றும் நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ‘என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட ஒரு படி மேல்’ என்று பெற்றோர் தூக்கிவைத்த குழந்தைகளிடம்தான் பின்னால் நார்சிசக் குணங்கள், அதாவது தன்னையே பெரிதாக எண்ணும் குணங்கள், கூடின. (கோளாறு அல்ல, குணங்கள். இணையத்தில் இப்போது பிடிக்காதவர் எல்லோரும் நார்சிசிஸ்ட்!) பாசமாக வளர்ந்த பிள்ளைகளுக்குக் கூடியது தன்மதிப்பு. பிறர் உரிமையைப் பொருட்படுத்தாத சமூக விரோத ஆளுமைக் கோளாறின் கதை வேறு. 15 வயதுக்கு முன்பே நடத்தைச் சிக்கல் இருந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரையே வைப்பார்கள்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பார்டர்லைன் உள்ளவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன. லினஹன் உருவாக்கிய டிபிடி (DBT), அதாவது உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் உளவியல் சிகிச்சை, நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்று. அவரே இளம் வயதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருந்தவர். 2011-ல்தான் அதை வெளியில் சொன்னார்.

டிபிடி கிடைக்குமா, குடும்பத்தினருக்கும் ஏதாவது பயிற்சி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருந்தால் அம்மாவோடு அப்பாவையும் அழைத்துப் போங்கள். அடித்தது அப்பா என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். குற்ற உணர்வு மட்டும் எப்படி அம்மாவின் பங்குக்குப் போனது?