வெய்மாவின் ஷென் ஹுய்: கேள்வி பதில்

சீன மின்சாரக் கார்கள் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வெய்மா நிறுவனர் ஷென் ஹுய் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளுக்கு ஒன்றாக இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: யார் சார் இந்த ஷென் ஹுய்? நியோ, எக்ஸ்பெங் நிறுவனர்களைத் தெரியும். இவரைக் கேள்விப்பட்டதே இல்லை.

அந்த இருவரும் இணையத் தொழிலிலிருந்து கார் பக்கம் வந்தவர்கள். ஷென் கார் துறைக்குள்ளேயே வளர்ந்தவர். அமெரிக்க உதிரிபாக நிறுவனமான போர்க்வார்னரின் சீனப் பிரிவு, அப்புறம் ஃபியட், அதன்பின் சீனக் கார் நிறுவனமான ஜீலி. அங்கிருந்து விலகி 2015இல் வெய்மாவைத் தொடங்கினார். ஒரு காலத்தில் நியோ, எக்ஸ்பெங், லி ஆட்டோ, வெய்மா என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

கேள்வி: வோல்வோவை ஜீலி வாங்கியதில் அவருக்கு என்ன பங்கு?

பெரிய பங்கு. ஃபோர்ட் 1999இல் 600 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய வோல்வோவை, லி ஷுஃபூவின் ஜீலி 180 கோடி டாலருக்கு வாங்க 2010 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டது. அந்தப் பேச்சுவார்த்தைக் குழுவின் முக்கிய ஆட்களில் ஷென் ஒருவர். வாங்கிய பிறகு வோல்வோவின் சீனப் பிரிவுக்குத் தலைவரானார். சீனாவின் செங்டு, டாச்சிங் நகரங்களில் வோல்வோ ஆலைகள் எழுந்தது அந்தக் காலத்தில்தான்.

வெளிநாட்டுப் பிராண்டு ஒன்றைச் சீனாவில் காலூன்ற வைப்பது சாதாரண வேலை இல்லை. மத்திய அரசின் அனுமதி வேண்டும், உள்ளூர் அரசுகளின் நிலமும் பணமும் வேண்டும், உதிரிபாகக்காரர்களைத் திரட்ட வேண்டும். இதில் அவர் கெட்டிக்காரர். வெய்மாவுக்குப் பணம் கொட்டியதற்கும் அதுவே காரணம். 2019இல் சீனத் தேடுபொறி நிறுவனமான பைடு தலைமையில் 300 கோடி யுவான், 2020 செப்டம்பரில் ஷாங்காய் அரசு சார்ந்த முதலீட்டாளர்களும் சைக் என்ற அரசுக் கார் குழுமமும் முன்னின்று 1,000 கோடி யுவான். ஆனால் முதலீட்டாளரை நம்ப வைப்பது வேறு, ஷோரூமுக்கு வருபவரை மயக்கும் காரைச் செய்வது வேறு. ஷென் தடுமாறியது இரண்டாவதில் என்பது என் கணிப்பு.

கேள்வி: சொந்தமாக ஆலை கட்டியதுதான் வெய்மாவை முடித்தது என்கிறார்களே அண்ணா?

நான் அப்படி நினைக்கவில்லை தம்பி. ஆரம்பத்தில் நியோ தன் கார்களை ஜே.ஏ.சி.யிடமும், எக்ஸ்பெங் ஹைமாவிடமும், அதாவது ஏற்கெனவே ஆலை வைத்திருந்த பழைய கார் நிறுவனங்களிடம், கொடுத்துச் செய்துகொண்டன. ஷென் முதலிலேயே வென்ஜோ நகரில் ஆலை எழுப்பினார், பிறகு ஹுவாங்காங் நகரில் இன்னொன்று. எக்ஸ்பெங்கும் பின்னால் ஜாவோசிங்கில் சொந்த ஆலை கட்டி நன்றாகவே ஓட்டியது. அதனால் ஆலையைக் குறை சொல்ல முடியாது.

குறை விற்பனை எண்ணிக்கையில். 2021இல் நியோ, எக்ஸ்பெங், லி ஆட்டோ மூன்றும் ஆளுக்குத் தொண்ணூறாயிரம் கார்களைத் தாண்டின. வெய்மா ஏறக்குறைய 44,000இல் நின்றது. அந்த ஆண்டின் நட்டம் 820 கோடி யுவான். பணமாக இல்லாமல் பங்குகளாகக் கொடுத்த ஊதியமும் அதில் அடக்கம்தான். இருந்தாலும் வகுத்துப் பாருங்கள், விற்ற காருக்குத் தலா 1,80,000 யுவானுக்கு மேல் போயிருக்கிறது. மற்றவர்கள் மென்பொருளையும் ஓட்டுநர் உதவி வசதிகளையும் காட்டி விலையை உயர்த்திக்கொண்டபோது, வெய்மாவின் பெயர் வாடகைக் கார் சந்தையோடு ஒட்டிக்கொண்டது. அதன்பின் அதிக விலைக்கு ஏறுவது கடினம்.

கேள்வி: கார்கள் தீப்பிடித்தது உண்மையா?

உண்மை. 2020 அக்டோபரில் வெய்மாவின் இ.எக்ஸ்.5 மாடல் கார்கள் 1,282ஐத் திரும்பப் பெற்றார்கள். பேட்டரி செல் தயாரிப்பில் கலந்த அசுத்தம் காரணம் என்று அறிவித்தார்கள்.

கேள்வி: பழைய முதலாளியே வழக்குப் போட்டாராமே?

ஆமாம், ஜீலி போட்ட வழக்கு. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஜீலியிலிருந்தும் அதன் துணை நிறுவனங்களிலிருந்தும் கிட்டத்தட்ட 40 மேலாளர்களும் பொறியாளர்களும் வெய்மாவுக்கு மாறினார்கள், பெரும்பாலோர் 2016இல். ஆட்கள் மாறுவது அவர்கள் உரிமை. ஆனால் அடிச்சட்டம் தொடர்பான வரைபடங்களும் சேர்ந்து போயின, அவற்றை வைத்து வெய்மா 12 காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்தது என்று ஜீலி புகார் சொன்னது. கீழ் நீதிமன்றம் 70 லட்சம் யுவானோடு முடித்தது. உச்ச மக்கள் நீதிமன்றம் 2024இல் அதைப் புரட்டிப்போட்டு, ஏறக்குறைய 64 கோடி யுவான் கொடுக்கச் சொன்னது. தண்டனையாக இரட்டிப்பு இழப்பீடும் அதில் சேர்த்தி. ஆனால் தீர்ப்பு வந்தபோது கொடுக்க வெய்மாவிடம் பணம் இல்லை.

கேள்வி: கம்பெனி நட்டத்தில் ஓடும்போது அவர் மட்டும் 126 கோடி யுவான் வாங்கினாராமே?

2021ஆம் ஆண்டுக்கான அந்தத் தொகை, ஹாங்காங் பங்குச்சந்தையில் சேர வெய்மா 2022இல் கொடுத்த ஆவணத்தில் இருக்கிறது. பெரும்பகுதி பங்குகளின் மதிப்பு, ரொக்கம் இல்லை. ஆனால் 2022 நவம்பரில் மேலாளர்களுக்குப் பாதிச் சம்பளம், மற்றவர்களுக்கு 70 சதவீதம் என்று கடிதம் போனது. ஊழியர்கள் கொதித்ததில் முழு நியாயம் இருக்கிறது. பங்குச்சந்தைக் கதவும் திறக்கவில்லை. ஹாங்காங்கில் ஏற்கெனவே பட்டியலில் இருந்த ஒரு நிறுவனத்துக்குள் புகுந்துகொள்ளும் திட்டம் 2023 செப்டம்பரில் கலைந்தது. அக்டோபரில் மறுசீரமைப்புக்காக ஷாங்காய் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

கேள்வி: வெய்மா கார் வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்?

என்னைக் கேட்டால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. சர்வீஸ் மையங்கள் மூடின, உதிரிபாகம் கிடைக்கவில்லை, செல்போன் ஆப் வேலை செய்யவில்லை. 2025இல் ஷென்செனைச் சேர்ந்த ஒரு நிறுவனம் மறுசீரமைப்புக்கு முன்வந்து, வென்ஜோ ஆலையை மறுபடி இயக்கப்போவதாக அறிவித்தது. புதுக் கார் விற்பதற்கு முன் பழைய வாடிக்கையாளரின் சர்வரையும் உதிரிபாகத்தையும் அவர்கள் சரிசெய்ய வேண்டும் என்பேன். எந்தப் புது மின்சாரக் கார் வாங்கினாலும், இணையத் தொடர்பு இல்லாமல் கதவு திறக்குமா, வண்டி கிளம்புமா, சார்ஜ் ஏறுமா என்று ஷோரூமிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.