வீட்டின் மேல் ஐ.ஆர்.எஸ். லீன்: விற்க முடியுமா?

கேள்வி: டெக்சாஸில் உள்ள எங்கள் வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். டைட்டில் கம்பெனி (சொத்தின் உரிமையைச் சரிபார்த்து விற்பனையை முடித்துத் தரும் நிறுவனம்) தேடியதில் என் பெயரில் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க மத்திய வரித் துறை) வரி லீன் பதிவாகியிருக்கிறதாம். வீடு அரசாங்கத்துக்குப் போய்விட்டதா? மகன் பெயருக்கு எழுதிவைத்தால் தப்பிக்கலாமா?

பதில்: வீடு உங்களுடையதுதான். பத்திரத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. லீன் என்றால் வரி பாக்கிக்காகச் சொத்தின் மேல் ஏறும் வில்லங்கம், அவ்வளவுதான். பறிமுதல் செய்வதற்கு ‘லெவி’ என்று வேறு நடவடிக்கை உண்டு. குடியிருக்கும் வீடாக இருந்தால் அதற்கு ஃபெடரல் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும்.

வரி நிர்ணயமாகி, கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தும் கட்டாவிட்டால், நிர்ணய நாளிலிருந்தே லீன் உண்டாகிவிடும். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் தெரியாது. சொத்துப் பதிவேடுகளை வைத்திருக்கும் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் லீன் நோட்டீஸ், அதாவது 668(ஒய்)(சி) படிவம், பதிவான பிறகுதான் விலை கொடுத்து வாங்குபவரை அது பாதிக்கும். மகனுக்கு இனாமாக எழுதினால் அவர் விலை கொடுத்தவர் இல்லை. பதிவே ஆகாத லீன்கூட வீட்டோடு அவரிடம் போகும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

முதல் வேலையாகப் பதிவான படிவத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயர், முகவரி, வரி ஆண்டு, நிர்ணய நாள், பாக்கி எல்லாம் இருக்கும். லாட், பிளாக் போன்ற சொத்து விவரம் இருக்காது. லீன் ஆளின் பெயரில் விழுவது. இன்று உங்களிடம் உள்ள சொத்தையும் நாளை நீங்கள் வாங்கப்போவதையும் சேர்த்துப் பிடிக்கும். பெயரை வைத்தே தேடுவதால் நம்மவர்களுக்கு ஒரு தொல்லை: அப்பா பெயரே கடைசிப் பெயராக இருக்கும்போது, வேறு யாரோ ஒரு குமாரின் லீன் உங்கள் தலையில் வந்து நிற்கும். படிவத்தில் உள்ள சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கங்களை ஒத்துப் பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால், ‘இந்த லீன் இவர் சொத்தைப் பிடிக்காது’ என்று ஐ.ஆர்.எஸ். சான்று தரும். அதற்கு விண்ணப்பிக்கும் முறை 1024-ஆம் வெளியீட்டில் இருக்கிறது.

அடுத்து, ‘மறுபதிவுக்குக் கடைசி நாள்’ என்ற கட்டம். பொதுவாக நிர்ணய நாளிலிருந்து 10 ஆண்டும் 30 நாளும். அந்த நாளுக்குள் மறுபதிவு செய்யவில்லை என்றால் அந்தப் படிவமே லீன் நீங்கியதற்கான விடுதலைச் சான்றாகிவிடும். மறுபதிவு நடந்திருக்கிறதா என்று கிளார்க் பதிவேட்டில் தேடாமல் இதை நம்பக் கூடாது.

லீன் உண்மையானது, விற்கும் பணத்தில் அடைக்கவும் முடியும் என்றால் விஷயம் சுலபம். பதிவான தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதன்பின் வட்டியும் அபராதமும் ஏறியிருக்கும். குளோசிங் நாள் (விற்பனை முடிந்து பணம் கைமாறும் நாள்) வரை கணக்கிட்ட பே-ஆஃப் கடிதத்தை, அதாவது முழுதும் அடைக்க வேண்டிய தொகையைச் சொல்லும் கடிதத்தை, ஐ.ஆர்.எஸ். லீன் பிரிவிலிருந்து வாங்கினால், டைட்டில் கம்பெனி அந்தத் தொகையைப் பிடித்துக் கட்டிவிடும். முழுதும் கட்டிய 30 நாளுக்குள் 668(இசட்) விடுதலைச் சான்று வர வேண்டும்.

வங்கிக் கடன் போக மிஞ்சுவது வரிக்குப் போதாவிட்டால்தான் வேலை கூடும். லீனை அப்படியே வைத்துக்கொண்டு இந்த ஒரு வீட்டை மட்டும் விடுவிக்கக் கேட்கலாம். படிவம் 14135, வழிமுறை 783-ஆம் வெளியீடு. விற்பனை ஒப்பந்தம், மதிப்பீட்டு அறிக்கை, டைட்டில் அறிக்கை, குளோசிங் கணக்கின் வரைவு இவற்றை இணைத்து, குளோசிங்குக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் அனுப்ப வேண்டும். பலருக்குக் கைவிட்டுப்போவது இந்த 45 நாளில்தான்: குளோசிங் தேதியைக் குறித்த பிறகு விண்ணப்பிப்பார்கள், வாங்குபவருக்கு வங்கி உறுதிசெய்து வைத்த கடன் வட்டி விகிதம் (வட்டி லாக்) காலாவதியாகும், ஒப்பந்தம் முறியும். தேதியை இப்போதே தள்ளிக் கேளுங்கள். சான்று கிடைத்தாலும் மிச்ச வரி உங்கள் பெயரில் நிற்கும். மற்ற சொத்துகள் மேல் லீன் தொடரும்.

விடுதலைச் சான்று பழைய பதிவை அழிக்காது. இரண்டும் பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பதிவான லீன் நோட்டீஸையே ஐ.ஆர்.எஸ். திரும்பப் பெறும்படி செய்ய வேண்டுமென்றால், கடன் தீர்ந்த பிறகும் படிவம் 12277-இல் தனியாகக் கேட்கலாம்.