இரண்டு ஜாக்கை ஃபோல்டு செய்யலாமா?

கேள்வி: போக்கர் டோர்னமென்டில் நாலு பேர் மிச்சம். பரிசு மூவருக்குத்தான்: 50, 30, 20 சதவீதம். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு சிப்ஸ். ஆரம்பத்திலிருந்தே அடக்கி ஆடி வந்த ஒருவர், எனக்கு முன்னால் ஆல்-இன் போனார் (சிப்ஸ் மொத்தத்தையும் பந்தயம் வைத்தார்). என்னிடம் இரண்டு ஜாக், ஃபோல்டு செய்தேன் (சீட்டைக் கீழே வைத்து விலகினேன்). 'இதைப் போய்க் கீழே வைப்பார்களா?' என்று நண்பர்கள் திட்டுகிறார்கள். அப்படியானால் இரண்டு ஏஸ் வந்தாலும் வைத்துவிட வேண்டுமா?

பதில்: திட்டட்டும், நீங்கள் செய்தது சரி. கணக்கைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலே பரிசில் உங்கள் பங்கின் மதிப்பு சராசரியாக 25 சதவீதம். கால் செய்து (அவர் பந்தயத்துக்கு ஈடு வைத்து) ஜெயித்தால் சிப்ஸ் இரட்டிப்பாகும். ஆனால் சிப்ஸைப் பரிசுப் பங்காக மாற்றிப் பார்க்கும் ஐசிஎம் கணக்குப்படி பங்கு 50 ஆகாது, சுமார் 38தான். தோற்றால் பூஜ்யம். ஆக, கால் செய்வதற்கு 65 சதவீத வெற்றி வாய்ப்பாவது வேண்டும். இரண்டு ஜாக்குக்கு எதிரே வெவ்வேறு சூட்டில் (சீட்டு இனத்தில்) ஏஸ்-கிங் இருந்தால் உங்கள் வாய்ப்பு 57 சதவீதம்தான். குயின் ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் 20கூடத் தேறாது. எதிராளியிடம் சின்ன ஜோடியோ ஏஸ்-பத்து மாதிரிக் கையோ இருந்தால்தான் உங்கள் கை நன்றாக ஓங்கும். அடக்கி ஆடுகிறவர் எத்தனை முறை அப்படிப்பட்ட கையோடு மொத்தத்தையும் தள்ளப் போகிறார்? கண்டதற்கெல்லாம் ஆல்-இன் போகிற ஆளாக இருந்தால் கதை வேறு, நானே கால் செய்யச் சொல்வேன்.

அதே ஜாக் ஜோடியை வைத்துக்கொண்டு நீங்கள் முதலில் ஆல்-இன் போயிருந்தால் நன்றாகவே இருந்திருக்கும். அந்த 65 சதவீதச் சுமை அப்போது எதிரே இருப்பவர் தலையில் ஏறும், பலர் பயந்து விலகிவிடுவார்கள். பபிளில் (பரிசுக்கு ஒரு படி முன்னால் நிற்கும் கட்டத்தில்) தள்ளுகிற கை வேறு, கால் செய்கிற கை வேறு. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஏஸ் ஜோடியை வைக்காதீர்கள். ஒற்றைக்கு ஒற்றை மோதினால் எந்தக் கைக்கு எதிராகவும் முக்கால் பங்குக்குக் குறையாத வாய்ப்பு உண்டு. கிங் ஜோடியையும் வைக்காதீர்கள். ஏஸ்-கிங்குக்கு எதிராகக்கூட 70 சதவீதத்தை ஒட்டி நிற்கும். குயின் ஜோடிதான் நிஜமான தலைவலி, ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று: மேசையில் ஒருவர் ஓரிரண்டு பிளைண்டுக்கு (கட்டாயப் பந்தயத்துக்கு) மட்டும் போதுமான சிப்ஸோடு தள்ளாடிக்கொண்டிருந்தால் இன்னும் இறுக்கிப் பிடியுங்கள், அவர் முதலில் போகட்டும். ஜெயித்த எல்லோருக்கும் ஒரே பரிசு என்கிற சாட்டிலைட் ஆட்டத்தில் மட்டும், இடம் ஏறக்குறைய உறுதியாகிவிட்டால், இரண்டு ஏஸையும் தயங்காமல் கீழே வைக்கலாம்.